குறைக்காமல் சொன்ன வாக்கியம்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். வெளியே காற்றோடு சாய்ந்து விழும் மழை. குடை பிடித்தவர்களும் நனைந்துதான் வந்தார்கள். தெற்கு லண்டனில் நான் உப அதிபராக இருந்த பாடசாலையின் நூலகத்தில் இருபத்தாறு நாற்காலிகள் போட்டு வைத்திருந்தேன். இருபத்தொன்பது பேர் வந்தார்கள். இருக்க இடம் இல்லாதவர் இரண்டு மடங்கு கோபப்படுவார் என்பது என் அனுபவம். ஆகவே பக்கத்து வகுப்பறைக்கு ஓடி, மூன்று நாற்காலிகளை நானே தூக்கிவந்தேன். அப்போது எனக்கு அறுபத்திரண்டு வயது. இடுப்பு அதை ஒரு வாரம் நினைவில் வைத்திருந்தது.

லண்டன் பாடசாலைகளில் புதிதாகப் பொறுப்புகளை ஏற்றிருக்கும் நீங்கள் என்னிடம் ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். இனச் சமத்துவம் பற்றியும், எல்லோரையும் சேர்த்து நடத்தும் தலைமை பற்றியும் உங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி தந்திருப்பார்கள். என் காலத்தில் அப்படியான பயிற்சிகள் ஏழுக்குப் போயிருக்கிறேன். நல்ல பயிற்சிகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அநீதியான வார்த்தையைச் சொல்பவர் நம்முடைய ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று ஏழில் ஒன்றிலும் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இந்த மாலையைப் பற்றி எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் பாடசாலையில் மார்வா என்று ஒரு கணித ஆசிரியை இருந்தார். முப்பத்து மூன்று வயது. அவருடைய தாத்தா காலத்தில் பார்படோஸ் தீவிலிருந்து வந்த குடும்பம். அவர் பிறந்தது பிரிக்ஸ்டனில். பெரிய தோடு, சிவப்புச் சப்பாத்து, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும் சிரிப்பு. பதினோராம் ஆண்டில் கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சேர்த்த முதல் செட்டை அவர்தான் எடுத்தார். அந்த வகுப்பில் முப்பது பிள்ளைகள், அதில் பத்தொன்பது பேர் தமிழ்ப் பிள்ளைகள். மே மாதம் ஜி.சி.எஸ்.ஈ. பொதுப் பரீட்சை. மார்ச் முதல் வாரத்தில் அந்தப் பத்தொன்பது வீட்டுப் பெற்றோரும் ஒரு மனு எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆசிரியையை மாற்ற வேண்டும்.

கூட்டம் நடந்த அதே வாரம் வியாழக்கிழமை கணிதத் துறைத் தலைவர் பதவிக்கு நேர்முகம் இருந்தது. மார்வா விண்ணப்பித்திருந்தார். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது முதல் செட்டிலிருந்து இறக்கப்பட்ட ஒருவரை எந்தக் குழுவும் துறைத் தலைவர் ஆக்காது. அந்தப் பாடசாலையில் மட்டுமல்ல, அடுத்த பாடசாலையிலும் ஆக்காது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் எடுக்கப்போவது ஒரு வகுப்பைப் பற்றிய முடிவு இல்லை, ஒரு பெண்ணின் மீதி உத்தியோக வாழ்க்கை.

மனுவில் இருந்த குற்றச்சாட்டு, ஒரு பாடத்தில் மூன்று கணக்குத்தான் செய்விக்கிறார் என்பது. அது உண்மை. மார்வா ஒரு கடினமான கணக்கைப் பலகையில் எழுதுவார். பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பார். எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமை பின்னேரம் போகும் ரியூசனில் ஒரு மணித்தியாலத்துக்கு நாற்பது கணக்கு. வீட்டுக்கு வந்த பிள்ளையின் கொப்பியில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பெற்றோருக்குத் தெரிந்த அளவுகோல். அதில் அவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் எண்ணுகிற ஆள்தான்.

அதனால்தான் போய் எண்ணினேன். அவருடைய வகுப்பின் பின்வரிசையில் மூன்று பாடங்கள் இருந்தேன். முப்பது பிள்ளைகளில் இருபத்தேழு பேர் வாய் திறந்து பேசினார்கள். நான் எடுக்கும் கணித வகுப்பில் அது எட்டைத் தாண்டாது. இதை மார்வாவிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் எடுத்தது. பிறகு முந்தின வருடக் கணக்கையும் பார்த்தேன். அந்த வருடம் முதல் செட்டை எடுத்தவர் தாடி வைத்த ஓர் ஆங்கிலேயர். அவர் ஒரு பாடத்தில் இரண்டு கணக்குத்தான் செய்வித்தார், மிச்ச நேரம் கிரிக்கெற் பேசினார். மொக் என்ற மாதிரிப் பரீட்சைப் புள்ளிகளும் மார்வாவின் வகுப்பை விடக் குறைவு. மனு வரவில்லை. வருடக் கடைசியில் எங்கள் ஆட்கள் அவருக்கு ஒரு வைன் போத்தலும் வாழ்த்து மட்டையும் கொடுத்தார்கள்.

அதிபர் அந்த செப்டெம்பரில்தான் பதவிக்கு வந்திருந்தார். நல்ல பெண்மணி, வடக்கு இங்கிலாந்துக்காரர், வெள்ளையர். திங்கட்கிழமை காலை என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இரண்டு பக்கமும் வெள்ளையர் அல்லாதவர்கள், ஆகவே இதில் நிறப் பிரச்சினை இருக்க முடியாது என்று அவர் நம்பியிருந்தார். இருந்தாலும் தான் வாய் திறப்பது பொருத்தமா என்று தயங்கினார். போரில் எல்லாவற்றையும் இழந்து அகதியாக வந்த ஒரு சமூகத்துக்கு, நீங்கள் இனவாதிகள் என்று சொல்லும் வெள்ளைக்காரியாகத் தன்னால் இருக்க முடியாது என்றார். பெற்றோரின் குரலுக்கு மதிப்புக் கொடுப்பதும் சமத்துவம்தானே என்றார். வகுப்பை அந்தத் தாடிக்காரரிடம் பரீட்சை வரைக்கும் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்றார். கடைசியில் கேட்டார், உங்கள் சமூகம் என்ன நினைக்கிறது?

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். நான் பணியில் சேர்ந்த முதல் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு நடுவில் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, ஒரு பிள்ளை அழுகிறது, வந்து உங்கள் மொழியில் பேசுங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால் அது ஒரு சோமாலியப் பிள்ளை. நானும் அதுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுத்த முறை ஆள் வந்தபோது என் துறைத் தலைவி, வேல்ஸ்காரி, ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தவர், கதவில் வந்து நின்றார். "அவர் கணிதம் படிப்பிக்கிறார்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார். ஒரு சமூகத்துக்காகப் பேசும் ஆளாக உன்னை வைத்துவிட்டால், அதைத் தவிர வேறு எதைப் பேசவும் விடமாட்டார்கள். அவர் சொன்னது இருபத்தொன்பது வருடமாக எனக்கு உதவியது.

ஆகவே அதிபரிடம் என் சமூகம் என்ன நினைக்கிறது என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது, பெற்றோரையும் மார்வாவையும் ஒரே அறையில் இருத்திக் கேட்போம் என்றேன். ஆங்கிலத்தில் பேச முடியாதவர்களுக்கு நான் மொழிபெயர்க்கிறேன் என்றும் சொன்னேன். மார்வாவிடம் போய், வராமலும் விடலாம் என்று சொன்னேன். என்னைப் பற்றித்தானே பேசப்போகிறார்கள், நான் இல்லாமல் பேசுவது அவர்களுக்கும் கஷ்டமாக இருக்குமே என்றார்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு அந்த மாலைக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் பாடசாலை விடுமுறை நாட்களில் குரோய்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அகதி விண்ணப்பக்காரர்களுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். ஒருமுறை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட ஓர் இளைஞனின் வாக்குமூலத்தைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. முதல்முறை மொழிபெயர்த்தவர் ஊரில் மதிப்பாக இருந்த ஒரு பெரிய மனிதர். காவலில் தனக்கு என்ன செய்தார்கள் என்று அந்தப் பொடியன் சொல்லியிருக்கிறான். அதை ஒரு வெள்ளைக்காரப் பெண் வழக்கறிஞருக்கு முன்னால் அப்படியே சொல்ல அந்தப் பெரியவருக்கு வெட்கம். அடித்தார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பொடியனின் மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். மானத்தைக் காப்பாற்றினார், வழக்கைத் தோற்கடித்தார். இரண்டாம் முறை நான் அவன் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். சொல்லும்போது என் குரல் உடைந்தது. அவன் எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தான்.

இனி நூலகம்.

அதிபர் வரவேற்றுப் பேசினார். பெற்றோர் சார்பில் பேச எழுந்தவர் சிவநேசன். கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருப்பவர், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. அவருடைய மகள் ஆரணி அந்த வகுப்பில் படித்தாள். மனைவி யோகராணி அவருக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். சிவநேசன் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சொன்னார். ஐந்தாவதில் நின்றுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்ரர், எனக்கு இங்கிலிசில சண்டை பிடிக்க ஏலாது. நான் தமிழில சொல்லுறன், நீங்கள் சொல்லிவிடுங்கோ."

சொல்கிறேன் என்றேன். அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தேன். இருபது வருட இரவு வேலை. மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்வது. இருவரும் வாரத்தில் ஒருநாள்தான் ஒன்றாகச் சாப்பிடுவது. எல்லாம் பிள்ளை படிக்கத்தான் என்பது. மார்வா குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அதிபர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் நல்ல கூட்டம்தான். நான் நினைத்தேன், இந்த மனிதர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, இதற்குப் பதில் சொல்லலாம் என்று. அந்த நேரம் சிவநேசனுக்குக் குரல் உயர்ந்தது.

"ஊரை விட்டு, உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடிவந்தது, கடைசியில என்ர பிள்ளை ஒரு காப்பிலியிட்டக் கணக்குப் படிக்கவோ?"

உங்களில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். கறுப்பினத்தவரை எங்கள் வீடுகளில் அப்படிச் சொல்வார்கள். இழிவான சொல். சொல்பவர்களில் பாதிப் பேருக்கு அது இழிவு என்பதே உறைப்பதில்லை. பெற்றோல் விலையைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது, ஏனென்றால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அதிபரும் பார்த்தார், அடுத்த வாக்கியத்துக்காக. மார்வா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

எனக்கு இருந்தது நான்கைந்து விநாடிகள். அந்த விநாடிகளில் ஓடியதைச் சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சிப் புத்தகத்தில் இது இருக்காது. ஆசிரியையில் நம்பிக்கை இல்லை என்கிறார் என்று சொல்லிவிடலாம். நாகரிகமான ஆங்கிலம், யாரும் பிடிக்க முடியாது. அந்த அறையில் இருந்த தமிழர் அத்தனை பேரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். சபையில் நம்முடைய ஆள் வாய் தவறினால் மூடிவிடுவதுதான் எங்கள் வழக்கம், அதில் ஓர் அன்பும் இருக்கிறது. ஆனால் மூடிவிட்டால், ஒரு சமூகத்தின் நியாயமான கவலை என்றே அதிபர் இதைக் கேட்பார். வகுப்பு கைமாறும். மார்வா என்ன காரணத்துக்காக இறக்கப்பட்டார் என்பது இருபத்தொன்பது பேருக்கும் தெரிந்திருக்கும், தீர்மானித்தவருக்கு மட்டும் தெரிந்திருக்காது.

மறுபக்கம் சிவநேசன். நல்ல மனிதர். என் கார் பனியில் நின்றுபோன ஒரு காலையில், வேலை முடிந்து நித்திரை இல்லாத கண்ணோடு வந்து தள்ளிவிட்டவர். அவரைப் பொறியில் மாட்டவும் எனக்கு மனம் இல்லை. ஆகவே முதலில் அவரோடு தமிழில் பேசினேன்.

"சிவநேசன், நான் இப்ப மொழிபெயர்க்கிற ஆள். நீங்கள் சொன்னதை அப்பிடியே சொல்லுவன், அந்தச் சொல்லையும் சேர்த்து. மாத்திறதெண்டா இப்ப மாத்துங்கோ."

மாற்றியிருக்கலாம். ஆனால் பத்தொன்பது குடும்பத்துக்கு முன்னால் நிற்கும் ஒரு மனிதருக்குப் பின்வாங்க இடம் இல்லை. இதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கதவைத் திறந்துவிடுவதானால் மற்றவர்கள் பார்க்காத இடத்தில் திறக்க வேண்டும். எனக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை.

"சொன்னது சொன்னதுதானே, சொல்லுங்கோ," என்றார்.

சொன்னேன். வாக்கியம் முழுவதையும் சொன்னேன். கடைசிச் சொல்லுக்கு வந்ததும், இது கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் எங்கள் மொழிச் சொல், நான் அதை மாற்றாமல் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, சொன்னேன். சொல்லும்போது மார்வாவைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருந்தால் அது இரண்டாவது அவமானமாக இருந்திருக்கும்.

மார்வா பேனாவை மூடிவைத்தார்.

"அந்தச் சொல் எனக்குத் தெரியும்," என்றார். பிறகு அவரே அதைச் சொன்னார், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சொல்வது போலவே, சுத்தமாக. "செப்டெம்பரிலிருந்து தெரியும். நான் பலகைப் பக்கம் திரும்பும்போது சொல்லுவார்கள், சிரிப்பார்கள். நவம்பரில் ஒரு பிள்ளை மதிய இடைவேளையில் தனியாக வந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் சொல்லவில்லை. அவள்தான் நிறுத்தியிருக்க வேண்டும். எப்படி நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது."

இதைத் தமிழில் சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். சொல்லி முடித்தபோது மழைச் சத்தம் கேட்டது, அதுவரை கேட்கவில்லை. அதிபர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் மேசையில் கையை விரித்து, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினேன். ஓர் உப அதிபர் அதிபருக்குக் கை காட்டுவது முறை இல்லை. ஆனால் அந்த மௌனத்தை யாராவது நல்ல வார்த்தைகளால் நிரப்பியிருந்தால் யோகராணி எழுந்திருக்க மாட்டார்.

யோகராணி எழுந்தார். கைப்பை கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

"மாஸ்ரர், இதையும் இங்கிலிசில சொல்லிவிடுங்கோ. அந்தப் பிள்ளை எங்கட ஆரணி. எனக்குச் சொன்னவள். பள்ளிக்கூடத்தில ஆர் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தது எண்டு கேட்டன். எங்கட வீட்டில இருந்து நான்தான் கொண்டுபோனன் அம்மா எண்டவள்."

நான் மொழிபெயர்த்தேன். குரோய்டனில் உடைந்தது போலக் குரல் உடைந்துவிடக் கூடாது என்று மெதுவாகச் சொன்னேன்.

சிவநேசன் மனைவியைப் பார்த்தார். "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் பிள்ளையை வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்துவியள். அவளுக்கு இந்த மிஸ்தான் வேணுமாம்."

"பிறகேன் மனுவில சைன் வைச்சனீர்?"

"நீங்கள் நீட்டினியள், வைச்சன். கறண்ட் பில்லுக்கும் அப்பிடித்தானே வைக்கிறன்."

இதை மொழிபெயர்க்கவா என்று யோகராணியைக் கேட்டேன். "ஐயோ, வேண்டாம் மாஸ்ரர், அது வீட்டுக் கதை," என்றார். நூலகம் சிரித்தது. அன்று நான் விட்டது அந்த ஒன்றைத்தான், அதுவும் சொன்னவரே கேட்டதால். மார்வா என்னவென்று கேட்டார், குடும்ப விடயம் என்றேன். அவரும் சிரித்தார்.

சிவநேசன் சிரிக்கவில்லை. தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி மடித்தார், திரும்ப விரித்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. அப்படியான மனிதர்கள் வேறு வழியால் வருவார்கள், வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்துத் தாழ்ந்த குரலில் கேட்டார், "மிஸ்ஸிட்டக் கேளுங்கோ மாஸ்ரர், ஆரணி கணக்கில எப்பிடி எண்டு."

மார்வா யோசித்தார். "என்ன கிறேட் வரும் என்று இன்றைக்குச் சொல்ல மாட்டேன். செப்டெம்பரில் ஆரணி விடை பிழைத்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் தாளோடு இருப்பாள். இப்போது அழிப்பதில்லை. பிழைக்குப் பக்கத்தில் ஏன் பிழைத்தது என்று எழுதுகிறாள். போன கிழமை பலகையில் என்னுடைய பிழை ஒன்றையும் கண்டுபிடித்து எழுதினாள்."

நான் மொழிபெயர்த்ததும் சிவநேசனுக்கு உண்மையான பயம் வந்தது. "ரீச்சரின்ர பிழையையோ?" பிறகு, இன்னும் தாழ்ந்து, "சரியாத்தான் பிடிச்சவளோ?"

"சரியாகத்தான்," என்றார் மார்வா.

சிவநேசன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்த பிறகு அதிபர் என்னிடம் ஆலோசனை கேட்டார். இந்த முறை என் சமூகத்தைப் பற்றிக் கேட்கவில்லை, என் கருத்தைக் கேட்டார். மனுவில் இரண்டு விடயங்கள் ஒட்டிப்போயிருக்கின்றன, பிரித்தெடுங்கள் என்றேன். எங்கள் பிள்ளைக்கு ஏன் இப்படிக் கணக்குச் சொல்லித் தருகிறீர்கள் என்று ஒரு பெற்றோர் கேட்டால், அவர் எந்தச் சொல்லைப் பாவித்தவராக இருந்தாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். எங்கள் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவது என்பதை ஆசிரியரின் நிறத்தை வைத்துக் கேட்டால், அது எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தவராக இருந்தாலும் பேரம் பேசும் விடயம் இல்லை. வகுப்பு மார்வாவிடமே இருக்கட்டும். பெற்றோருக்கு அவர் ஒரு மாலை பாடம் எடுத்துக் காட்டட்டும். அதிபர் இரண்டையும் செய்தார். மனுவில் கையெழுத்திட்டவர்களில் பதினொரு வீட்டார் அந்த மாலைக்கு வந்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் ஒரே ஒரு கணக்கு. சிவநேசன் வேலைச் சட்டையோடு பலகைக்கு முன் நின்று, விலையிலிருந்து வற் வரியைக் கழிப்பது எப்படி என்று இன்னொரு தகப்பனோடு வாதாடினார். நேரம் முடிந்தும் இருவரும் விடவில்லை, காவலாளி விளக்கை அணைத்துப் போட்டுக் காட்டினார்.

வியாழக்கிழமை நேர்முகக் குழுவில் நான் இருக்க வேண்டியவன். புதன்கிழமை காலையே விலகிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை நான் செய்தது ஓர் உதவி என்று யாராவது நினைத்தால், வியாழக்கிழமை கிடைப்பதையும் உதவி என்றே சொல்லுவார்கள். மார்வா அந்தப் பதவியைத் தன் திறமையால் பெற்றார் என்று சொல்ல, நான் அந்த அறைக்கு வெளியே இருப்பது அவசியம். மாலை நான்கு மணிக்கு முடிவு வந்தது. அவருக்குத்தான் கிடைத்தது.

வாழ்த்துச் சொல்ல அவருடைய வகுப்பறைக்குப் போனேன். பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லைப் பற்றி ஏன் ஒருவரிடமும் முறைப்பாடு செய்யவில்லை என்று கேட்டேன். செய்திருந்தால் பிள்ளைகளைத்தான் தண்டித்திருப்பார்கள், அந்தச் சொல்லை அவர்கள் கண்டுபிடிக்கவில்லையே என்றார். பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அன்றைக்கு அவர் தமிழில் அதைச் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது," என்றார். "நீங்கள் ஆங்கிலத்தில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஒரு பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நான்கைந்து விநாடிகளில் நான் எல்லோரையும் பற்றி யோசித்தேன். அதிபருக்குத் தெரியாமல் போகும் என்று யோசித்தேன். மார்வாவுக்கும் தெரியாது என்றே வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். நாகரிகமான ஆங்கிலத்தில் அதைச் சொல்லியிருந்தால், அவர் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை இரண்டு வருடம் ஒரே ஆசிரியர் அறையில் தேநீர் குடித்திருப்போம்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். நீங்கள் யாருக்குப் புரியாது என்று நினைக்கிறீர்களோ, அவருக்குப் புரிந்திருக்கும். இப்படியான சொற்கள் எந்த மொழியில் இருந்தாலும், யாரைக் குறித்துச் சொல்லப்படுகின்றனவோ அவர்களுக்கு அவை முதலில் தெரிந்துவிடுகின்றன. நமக்கும் அப்படித்தானே இந்த நாட்டில் சில சொற்கள் தெரிந்தன.

உங்களில் யாருக்காவது ஒருநாள் இப்படி ஒரு மேசைக்கு நடுவில் இருக்க நேரும். என்ன செலவாகும் என்று முன்கூட்டித் தெரிந்திருந்தால் பயம் கொஞ்சம் குறையும். ஆகவே எனக்கு ஆனதைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக்காரிக்கு முன்னால் எங்களைக் காட்டிக் குடுத்தவர் என்று எங்கள் ஆட்களில் சிலர் பேசினார்கள். போரைக் கண்ட எங்களுக்கு அது எவ்வளவு பாரமான பேச்சு என்று உங்களுக்குத் தெரியும். கோயிலில் ஓர் ஆறு மாதம் என் பக்கத்தில் இடம் தாராளமாக இருந்தது. அந்த வருடம் பிறந்தநாள் விழா அழைப்பு இரண்டுதான் வந்தது. மனைவி அதை நல்லதென்றார், எனக்கு இரவில் கொத்துரொட்டி ஒத்துக்கொள்வதில்லை. சிவநேசன் அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் நான் நடத்திய தமிழ்ப் பாடசாலைக்குத் தன் இளைய மகனை விடாமல் கொண்டுவந்தார். பொடியனை இறக்கிவிட்டு, காரை விட்டு இறங்காமல் எனக்குத் தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன்.

மற்றவர்கள் எல்லோரும் அப்படி இல்லை. தமிழ்ப் பாடசாலையில் நாற்பத்தொரு பிள்ளைகள் இருந்தார்கள், பதினான்கு பேரை வீட்டார் வரவிடாமல் மறித்துவிட்டார்கள். தவணைக்கு ஒரு பிள்ளைக்கு நாற்பத்தைந்து பவுண் வாங்குவோம், அது அப்படியே தேவாலய மண்டபத்து வாடகைக்குப் போகும். மண்டப ஒப்பந்தம் என் பெயரில் இருந்தது. மிச்ச இருபத்தேழு பிள்ளைகளின் வீட்டாரிடம் கட்டணத்தைக் கூட்டிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை, அவர்கள் என்ன பிழை செய்தார்கள்? கோடைத் தவணைக்கு அறுநூற்று முப்பது, இலையுதிர்காலத் தவணைக்கு அறுநூற்று முப்பது நான் கட்டினேன். அதற்குப் பிறகு புதுப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். மார்வாவுக்குப் பதவி கிடைத்த மறுநாள் ஆசிரியர் அறைக்கு ஒரு கேக் வாங்கிப்போனேன், பதினெட்டுப் பவுண் ஐம்பது. கேக்கை எதற்குக் கணக்கில் சேர்க்கிறீர்கள் என்று மனைவி கேட்டார். செலவு செலவுதானே என்று சேர்த்துக்கொண்டேன். மொத்தம் ஆயிரத்து இருநூற்று எழுபத்தெட்டுப் பவுண், ஐம்பது பென்ஸ்.